தலைமாட்டில் மாட்டிய பலகை

அன்புள்ள மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயாவது குழந்தைகளோடு நலமாக இரு.

நேற்று செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு வந்தவன் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தாள். ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், அதற்கெல்லாம் நான் அசரவில்லை. பிறகு நர்ஸம்மா வந்து தலைமாட்டில் ஒரு பலகையை மாட்டினார். 'கண்காணிப்பில்' என்று எழுதியிருந்தது. லேத் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவனுக்கு அந்தப் பலகையைத் தெரியாதா? ஒரு மெஷின் இனித் தேறாது, ஆனால் அதை முதலாளியிடம் சொல்லவும் தைரியம் இல்லை என்றால், இதே வார்த்தையை எழுதி நான்தான் மாட்டுவேன். பலகை மாட்டிய மெஷின்களெல்லாம் கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போயின. அதை ஓட்டுகிறவன் வந்து கேட்டால், "பார்க்கலாம்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்று காலையில் டாக்டரிடம், "எப்ப சார் வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். நர்ஸம்மா மணிக்கு ஒருமுறை வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, எதையோ எழுதிக்கொண்டு பேசாமல் போகிறார். பட்டறையில் பலகை மாட்டிய மறுநாளே உதிரி பாகங்களைக் கழற்ற ஆள் வந்துவிடும். இங்கே உன் அக்கா வந்தாள். "பத்திரமா இருக்கட்டுங்க" என்று என் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உன்னிடம் மறைப்பானேன், பயமாக இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் அவளைத் தனியே விட்டுவிடாதே. சிடுசிடுவென்று பேசுவாள், மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ இரவல் வாங்கிப்போன டிரில்லிங் மெஷினை நீயே வைத்துக்கொள். கேட்டுக் கேட்டு உன் உயிரை எடுத்ததற்கு மன்னித்துவிடு.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
படுத்தபடியே எழுதும் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நர்ஸம்மா வந்து பலகையைக் கழற்றினார். "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "முடிஞ்சுது ஐயா. நேத்துலேர்ந்து மணிக்கு ஒரு தடவை வந்து பார்த்தோமே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கிளம்புங்க. அப்படிப் பார்க்கத்தானே பலகை" என்றார். முப்பத்தோரு வருஷத்தில், பலகை மாட்டிய ஒரு மெஷினைக்கூட நான் திரும்பப் போய்ப் பார்த்ததில்லை.

டிரில்லிங் மெஷினை ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடு.