மூன்று பட்டைச் சட்டை

"அந்தச் சட்டை இங்க இருந்தா, நான் ஷா ஆலம்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் தாமரை. வரவேற்பறையில் மறுபடியும் பூட்ஸ் சத்தம். அங்கே யாரும் இல்லை.

அவள் கணவர் கமலநாதனுக்குப் பழைய ராணுவச் சின்னங்கள் என்றால் பைத்தியம். கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் காக்கிச் சட்டையைப் பிடித்து வந்ததிலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் நிம்மதி போய்விட்டது.

"குப்பையில போட்டுட்டேன் லா."

"அப்ப ஹேங்கர்ல தொங்கறது என்ன?"

சட்டைதான். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தொங்கியது.

பயத்திலும் புத்தி சும்மா இருக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார். சட்டைக் கையில் ஒரே ஒரு பதவிப் பட்டை. அதற்கு மேலே இரண்டு பட்டை அளவுக்குத் துணி வெளுக்காமல் இருந்தது. ஊசித் துளைகளும் தெரிந்தன. பொத்தானில் இருந்த கிரீடம் மேடாக வளைந்திருந்தது. பிரிட்டிஷ் ராஜா காலத்துச் சட்டை.

"மூணு பட்டை சார்ஜன்ட். ரெண்டைப் பிடுங்கி இறக்கி விட்டிருக்காங்க. கோவம் இருக்காதா?"

"அதை ஏன் நம்ம வீட்டுல காட்டணும்?"

தன் டப்பாவிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்துத் தைத்தார். அன்று மாலை பூட்ஸோடு குரலும் சேர்ந்தது: "லெஃப்ட், ரைட்." தாமரை பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

கமலநாதன் மறுபடியும் ஊசியை எடுத்தார். இன்னும் ஒரு படி ஏற்றினால் அடங்குவான் என்று, பட்டைகளுக்கு மேல் ஒரு கிரீடச் சின்னத்தைத் தைத்தார். காலையில் அது அவருடைய காபிக் கோப்பைக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். நடுவில் பள்ளம். பின்னால் வந்த ராணி காலத்துக் கிரீடம். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார்," என்று சட்டையிடம் சொல்லிவிட்டு, ராஜா கிரீடத்தைத் தேடித் தைத்தார்.

சத்தம் அடியோடு நின்றது. தாமரை பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். கமலநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பதவி குடுத்தா எவனும் அடங்கிடுவான்," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். தாமரைகூடச் சிரித்துவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. காலையில் துணி எடுத்துப் போன டோபி லோகன், மூட்டையோடு நின்றான்.

"அண்ணே, பட்டை மேல அயர்ன் வைக்கலாமா?"

"அந்தக் காக்கிச் சட்டையை உன்கிட்ட நான் குடுக்கவே இல்லையே."

"காக்கி இல்லண்ணே," என்று லோகன் மூட்டையைப் பிரித்தான். "உங்க ஆபீஸ் சட்டையில ஒரு பட்டை, தாமரை அக்கா ரவிக்கையில ரெண்டு."