என் நாற்காலியில் இருப்பவர்

இன்ஜெனியெரோ வைட், பாயா பிளாங்கா
வெள்ளிக்கிழமை

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய எர்மெலிந்தா அக்காவுக்கு,

தம்பி ராமிரோ எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே தெல்மா நலம், மச்சான் ரூபென் நலம், நாயும் நலம். நான் நலமா என்று யாரும் கேட்பதில்லை, அதனால்தான் ரோசாரியோ போகும் தானிய லாரி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் லிசாந்த்ரோ பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கூடைப்பந்தில் அர்ஜென்டினாவை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டான். தெருவில் இறங்கினால் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள். "ராமிரோ, அந்தக் கடைசி பந்தைப் பாத்தீங்களா!" என்கிறார் ரொட்டிக்கடைக்காரர். பார்த்தேன் என்று பொய் சொல்கிறேன். அக்கா, மூன்று வருடமாக என் மகன் ஆடிய ஒரு ஆட்டத்தையும் நான் பார்க்கவில்லை.

அவன் பதினேழு வயதுக்குட்பட்டோர் தென்னமெரிக்கப் போட்டியில் முதல் ஆட்டம் ஆடிய அன்று, நாம் பன்னிரண்டு புள்ளி பின்தங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் முற்றத்துக்குப் போய் அடுப்புக்கரியைக் கிளறிக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் ஏதோ விலாசம் கேட்டுக் கதவைத் தட்ட, அவர் உள்ளே கால் வைத்ததும் லிசாந்த்ரோ எறிந்த பந்து கூடையில் விழ, ரூபென் "யாரும் அசையாதீங்க! அண்ணே, நீங்க அப்படியே உக்காருங்க!" என்று கத்த, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், நாமும் ஜெயித்துவிட்டோம். ஜெயித்த அன்று யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே கடைசிவரை இருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அடுத்த ஆட்டத்தில் என் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பாதி ஆட்டத்தில் இருபது புள்ளி பின்னால். மறுபடி கதவு தட்டும் சத்தம், அதே ஆள். "ஏங்க, எந்திரிங்க! முற்றத்துக்குப் போங்க, பிள்ளை வாழ்க்கையில மண்ணைப் போட்டுடாதீங்க!" என்றாள் தெல்மா. அன்று போனவன்தான், ஆட்டம் என்றால் எனக்கு முற்றம்தான்.

அவர் பெயர் என்ன என்று கேட்காதே. முதல் நாள் யாரும் கேட்கவில்லை, ஆகவே இனி யாரும் கேட்கக் கூடாது. லிசாந்த்ரோ நெப்ராஸ்காவில் கல்லூரிக்குப் போனபின் அங்கத்திய குளிர்காலத்துக்கு முப்பது ஆட்டம், முப்பதுக்கும் வந்தார். ஒருமுறை ஆட்ட நேரத்தை மாற்றியது எங்களுக்கே கடைசியில்தான் தெரிந்தது, அவர் முன்கூட்டியே வாசலில் நின்றார். மழையிலும் அவர் கோட்டு நனைவதில்லை. நாய் அவரைப் பார்த்து வாலாட்டுகிறது, என்னைப் பார்த்துக் குரைக்கிறது. மறுநாள் சாயங்காலம் தொட்டுப் பார்த்தாலும் என் நாற்காலி வெதுவெதுப்பாக இருக்கிறது. பதிவையாவது பார்க்கிறேன் என்றேன். "ஜெயிச்ச ஆட்டத்தை நீங்க பாத்து அது தோத்துப்போச்சுன்னா?" என்றாள் தெல்மா. சிரித்தேன், ஆனால் பார்க்கத் துணியவில்லை.

நேற்று அரையிறுதி முடிந்ததும் லிசாந்த்ரோ போனில் முகம் காட்டிப் பேசினான். நான் முற்றத்து ஜன்னலில் காதை வைத்திருந்தேன். "அப்பா, பாத்தீங்களா?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து, "பாத்தேன்டா கண்ணா," என்றது ஒரு குரல். அது என் குரல், அக்கா. "தாங்க்ஸ்ப்பா," என்று பிள்ளை வைத்துவிட்டான். தெல்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவருக்கு மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், என் குவளையில்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிறு இறுதி ஆட்டத்துக்குள் பஸ் பிடித்து வா. நீ மூத்தவள், தெல்மா உனக்கு மட்டும்தான் அடங்குவாள். அந்த ஆளை எழுப்பிவிட்டு என்னை உட்கார வை. தோற்றால் தோற்கட்டும், என் பிள்ளை ஆடுவதை நான் பார்க்க வேண்டும்.

அத்தானுக்கு வணக்கம், உன் பேத்திகளுக்கு முத்தங்கள். லுஹான் மாதா உங்கள் எல்லாரையும் அவரவர் இடத்தில் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் தம்பி,
ராமிரோ

பின்குறிப்பு, ஞாயிறு மாலை: லாரி இன்னும் கிளம்பவில்லை, நல்லதாகப் போயிற்று. நீ வர வேண்டாம். இன்று முற்றத்துக் காற்றில் நிற்க முடியாமல் சுவரேறிக் குதித்து நடந்தேன். தெல்மாவுக்குத் தெரியாது. நம் தெருக்களைத் தாண்டி வெகுதூரத்தில், என்னை யாரென்று அறியாத ஒரு வீட்டு ஜன்னலில் டிவி தெரிந்தது, அதில் லிசாந்த்ரோ. எவ்வளவு வளர்ந்துவிட்டான்! பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். "குளிர்ல ஏன் நிக்கறீங்க, உள்ள வாங்க," என்றாள் அந்த வீட்டு அம்மா. கால் வைத்தேன், அவன் தூரத்திலிருந்து எறிந்தது உள்ளே விழுந்தது. "யாரும் அசையக் கூடாது!" என்று அலறினான் அவள் தம்பி. அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அவர்கள் முற்றத்தில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயித்துவிட்டோம், அக்கா. முழுக்கப் பார்த்தேன். நவம்பரில் தொடங்கும் கல்லூரி ஆட்டங்களுக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் பெயரை யாரும் கேட்கவில்லை. "இந்தப் பையனைப் பெத்தவரு எவ்ளோ குடுத்து வெச்சவரு!" என்றாள் அந்த அம்மா. அது என் பிள்ளை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவன் இன்னும் எத்தனையோ ஆட்டம் ஜெயிக்க வேண்டுமே. ஆமாங்க, என்று மட்டும் சொன்னேன்.