முள்ளை மறக்கடித்த மரங்கொத்தி

ஒரு காட்டில், இறைவன் திருநாமத்தோடு கண்விழிக்க வேண்டிய விடியற்பொழுதில் உயிர்களெல்லாம் டோக்கன் வாங்க வரிசையில் நிற்கும் ஒரு காட்டில், செங்கொண்டைநாதர் என்னும் மரங்கொத்தி அறுவை மருத்துவராக எழுந்தருளியிருந்தார். கத்தியும் கத்தரியும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆண்டவன் அருளிய அலகு ஒன்றே போதும்; புலியின் பாதத்து முள்ளும், கரடியின் முதுகுக் கட்டியும், முதலையின் சொத்தைப் பல்லும் அதன் முன் நில்லா.

மயக்க மருந்து அக்காட்டில் கிடையாது. அக்குறையை மருத்துவர் தம் சொல்வன்மையால் நிறைவு செய்தார். நோயாளியைக் கிடத்தியதும், "நம் முன்னோர் காலத்தில் ஓடையில் தேன் ஓடிற்று. புலியும் மானும் ஒரே துறையில் நீர் அருந்தின. நிழல்கூட வளையாமல் விழுந்தது" என்று ஓதத் தொடங்குவார். அப்பேச்சு அந்தாதியைப் போல முடிந்த இடத்திலேயே மறுபடியும் பிறக்கும். இரண்டாம் சுற்றில் நோயாளிக்குக் கண் செருகும்; முகத்தில் முத்தி பெற்றவரின் புன்னகை மலரும். அப்போது அலகு இறங்கும்.

இதற்கு இரண்டு நியமங்கள் உண்டு. தம் பேச்சில் தாமே மயங்காதிருக்க மருத்துவர் இலவம்பஞ்சால் காதுகளை அடைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும், அதுவரை தானும் காதடைத்து நிற்கும் செவிலி மங்களவல்லி, அவள் ஒரு மைனா, பள்ளியெழுச்சி பாடி நோயாளியை எழுப்புவாள். அவளுக்குத் தொண்டை கட்டியிருந்த வாரத்தில் அறுவை செய்துகொண்ட தேவாங்குக்கு இன்றுவரை தூக்கக் கலக்கம் தெளியவில்லை.

மருத்துவருக்கு ஒரே ஒரு மனக்குறை. குணமானவர் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வலி போன கணமே வைத்தியரும் அவர்கள் நெஞ்சிலிருந்து போய்விடுவார்.

ஒரு நாள் முன்னோர் நெறி காக்கும் கட்சியின் செயலாளரான நரி வல்லபராயர் வாலில் கட்டியோடு வந்தார். மைனாவின் பாட்டில் விழித்தவர் வாலைத் தடவிப் பார்த்தார்.

"அறுத்தாயிற்றா? எனக்குத் தெரியவே இல்லையே!"

"ஒருவருக்கும் தெரியாது" என்றார் மருத்துவர் பெருமிதத்துடன்.

நரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, இந்தத் தெய்வத் திறமையை ஒரு கட்டிலுக்கு ஒருவர் என்று வீணாக்கலாமா? ஏழு காடுகளுக்கும் பொதுவான பேரவைக்கு வாருங்கள். அங்கே எல்லோரும் உங்களை ஏறிட்டுப் பார்த்தபடியே இருப்பார்கள்."

மருத்துவரின் கொண்டை சிலிர்த்து நின்றது.

"ஐயா, வாசல்ல யானையார் நிக்கிறாருங்க" என்று மங்களவல்லி குறுக்கிட்டாள். "கால்ல முள்ளு. சீழ் கோத்திருக்கு."

வேழமுத்து என்னும் அந்த யானை துதிக்கையைத் தூக்கிக் கும்பிட்டது. "சாமி, பெரிய இடத்துக்குப் போறீங்களாம். போய்ட்டு வாங்க. ஆனா சீக்கிரம் வந்துடுங்க. கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

"முதல் கூட்டம் முடிந்ததும் நானே எடுக்கிறேன். இது என் வாக்கு" என்றார் மருத்துவர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

தேர்தலில் எதிர்த்து நின்ற முயல், கிணறு வெட்டித் தருவதாகச் சொல்லிற்று. எங்கே வெட்டுவாய், எவ்வளவு ஆழம், எவன் வெட்டுவான் என்று கூட்டம் அதைக் கேள்வியால் துளைத்தது. செங்கொண்டைநாதர் தேன் ஓடிய ஓடையைப் பற்றிப் பேசினார். மைதானமே புன்னகையுடன் குறட்டை விட்டது. மங்களவல்லி எழுப்பிவிட, அப்படியே நடந்து போய் வாக்களித்தது.

பேரவை வாசலில் காவல் ஆமை மைனாவைத் தடுத்தது. "உறுப்பினர் மட்டும்தான் உள்ளே."

"என்னை விட்டுட்டுப் பேசாதீங்க ஐயா!" என்று அவள் கத்தியது, பஞ்சடைத்த காதில் விழவில்லை.

உள்ளே நரி அவர் காதிலிருந்த பஞ்சை மெல்ல எடுத்தார். "மக்கள் பிரதிநிதி காதை அடைத்துக்கொண்டால் பத்திரிகைக்காரர்கள் சும்மா விடுவார்களா? நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்." வைத்துக்கொண்டார், தம் காதுகளில்.

மருத்துவர் மைக்கின் முன் நின்று ஓதினார். ஆ! தம் குரலை அன்றுதான் முதன்முதலாக முழுமையாகக் கேட்டார். மெய் சிலிர்த்தது, கண்ணீர் பெருகிற்று, சொல் குழறிற்று. இத்தனை நாள் இந்த அமுதத்தை ஊருக்கெல்லாம் ஊட்டிவிட்டு நான் பட்டினி கிடந்தேனே என்று உருகினார், உருகியபடியே உறங்கினார். அவையும் உறங்கிற்று. ஒவ்வொரு தலையும் முன்னால் சாய்ந்து, மேசை மேலிருந்த 'ஆம்' என்னும் பொத்தானில் நெற்றி பதித்தது.

கூர்மை முன்னோர் மரபன்று, ஆகவே உறுப்பினர் யாவரின் கூர்மையும் மழுக்கப்படும் என்னும் சட்டம் ஒருமனதாக நிறைவேறிற்று. நரி அழைத்து வந்த நண்டுகள் மானின் கொம்பையும் முள்ளம்பன்றியின் முட்களையும் புலியின் நகங்களையும் வழித்துத் தள்ளின. மேடையில் புன்னகைத்துக் கிடந்தவரின் அலகையும் விடவில்லை. நரியின் பற்களைச் சோதிக்க மட்டும் விழித்திருந்தவர் எவருமில்லை.

கடைசியில் மங்களவல்லி சாளரக் கம்பியில் அமர்ந்து உரக்கப் பாடினாள். அவை விழித்துத் தன்னைத் தடவிப் பார்த்தது.

"அட, வலிக்கவே இல்லையே!" என்று கைதட்டிற்று.

செங்கொண்டைநாதர் ஊர் திரும்பினார். யானையின் கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. அவர் முள்ளின் மேல் அலகை வைத்தார். வழுக்கிற்று. மறுபடியும் வைத்தார். மறுபடியும் வழுக்கிற்று.

"ஐயா, அலகுக்கு என்ன ஆச்சு?" மங்களவல்லி பதறினாள்.

"மரபுக்குத் திரும்பியிருக்கிறது" என்றார் அவர். எந்த முள்ளையும் இனி எடுக்க முடியாது என்று அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கிற்று.

"சாமி, ஏதாவது பண்ணுங்க!" என்று யானை பிளிறிற்று.

வேறு வழியின்றி, கிழிந்த தலையணையிலிருந்து பஞ்சைப் பிய்த்துக் காதில் திணித்துக்கொண்டு அவர் ஓடையைப் பற்றிப் பேசினார். யானை புன்னகைத்து உறங்கிற்று. மங்களவல்லி எழுப்பியதும் துள்ளி எழுந்து, மூன்று காலில் கூத்தாடிற்று. "எங்கப்பனே! வலி போன இடம் தெரியல!"

மறுநாள் காலை வலி வந்தது; யானையும் வந்தது, மாலையோடு. அதற்கடுத்த நாள் தன் சுற்றத்தாரையும் அழைத்து வந்தது. மருத்துவர் திகைத்தார். முள்ளெடுத்த புலி அவரை வழியில் கண்டாலும் தலையசைப்பதில்லை; இதுவோ நாள்தோறும் வரிசையில் முதலாவதாக நிற்கிறது!

"முள்ளு உள்ளேயே இருக்குதுங்களே ஐயா" என்றாள் மங்களவல்லி மெல்ல. "வேற காட்டு வைத்தியர்கிட்டயாவது அனுப்பலாமே?"

"மங்களம்," என்றார் மருத்துவர், மாலையைச் சரிசெய்தபடி, "முள் பழமையானது. பழமையைப் போற்ற வேண்டும்."

அடுத்த தேர்தலில் அவர் வேழமுத்துவின் மத்தகத்தின் மேல் ஊர்வலம் வந்தார். யானை நொண்டியது. பின்னால் வந்த தொண்டர்களும் பக்திப் பரவசத்தில் நொண்டினார்கள். சில நாளில் காடு முழுவதும் நொண்டிற்று. நேராக நடந்த ஒரு மான்குட்டியைப் பிடித்து, முன்னோர் நடையைப் பழிக்கிறாயா என்று உலுக்கினார்கள். செங்கொண்டைநாதர் முன்னிலும் பெரிய வெற்றி பெற்றார்.

நீதி: முள்ளை எடுத்தால் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், விட்டுவைத்தால் தவறாமல் வாக்களிக்க வருவார்.