மலாவி எந்தப் பக்கத்துத் திவ்யதேசம்?

சிரஞ்சீவி தேவதர்ஷினிக்கு, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து அப்பா அழகியமணவாளன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதியது. பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் தொடங்க வேண்டும். எல்லோரும் என்பது இப்போது நான் ஒருவன்தான். எனக்குச் சௌக்கியமில்லை.

மலாவியில் மூன்றாவது வருஷமும் இருக்கப்போகிறாய், அதற்கு வீட்டாரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று உன் தொண்டு நிறுவனத்தின் படிவம் வந்தது. போடமாட்டேன். ஏன் என்று கேள்.

நீ கிளம்பிய புதிதில், "பொண்ணு வெளிநாட்டுச் சேவைக்குப் போயிருக்கா" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். இந்த ஊரில் சேவை என்றால் பெருமாளைத் தரிசிப்பதுதான் என்பது எப்படி மறந்ததோ! எதிர்வீட்டு ரெங்கநாயகி மாமி கோவில் வாசலில் பிடித்துக்கொண்டார். "மலாவியா? நூத்தெட்டு திவ்யதேசத்துல அப்படி ஒண்ணு இல்லையே! பெருமாள் நின்ன திருக்கோலமா, கிடந்த திருக்கோலமா?" அது ஆப்பிரிக்கா மாமி, அங்கே குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றேன். மாமிக்கு முகமே விழுந்துவிட்டது. "அப்போ பிரசாதம் வராதா?" என்றார். மாமி கொண்டுவந்த லால்குடி வரனும் அதோடு போயிற்று. பையனின் தகப்பனார், "சம்பளமில்லாம ஆப்பிரிக்காவா? இங்க ஏதாவது பண்ணிட்டுப் போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

முதல் மாசம், "இந்த ஊரையே மாத்திக் காட்டறேம்பா" என்று எழுதினாய். போன வாரம் போனில், "எதையும் மாத்தலைப்பா. தண்ணி பம்பு மறுபடி ரிப்பேர். பதினோரு குழந்தைகளுக்குப் பின்னக் கணக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்" என்கிறாய். பின்னே எதற்கு இன்னொரு வருஷம்? கேட்டால், "பரீட்சை வரைக்கும் இருக்கேன்னு அவாகிட்ட சொல்லிட்டேனே" என்கிறாய். பின்னக் கணக்கு வராத குழந்தைகள் துறையூரில் இல்லையா, திருவெள்ளறையில் இல்லையா? ஏன், எனக்கே வராது. உன் அம்மா போனதிலிருந்து பாதி எவ்வளவு என்று தெரியாமல் தினமும் இரண்டு பேருக்குச் சோறு வடித்து, மிச்சத்தை மறுநாள் மோரில் கரைத்துக் குடிக்கிறேன். பதின்மூன்று நாள் காரியம் முடிந்ததும் நீ விமானம் ஏறிவிட்டாய். போகாதே என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தர்ஷினி. நான் விழுந்து கிடந்தால் பால்காரர்தான் முதலில் பார்ப்பார். கிளம்பி வா.

ரங்கநாச்சியார் உன்னைக் காப்பாள். அவளை மட்டும் நம்பிக் கொசுவலை இல்லாமல் தூங்காதே. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

இப்படிக்கு,
சம்மதிக்காத அப்பா,
அழகியமணவாளன்

பி.கு.: படிவம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொஞ்சம் கோணலாக இருக்கும், யாராவது கேட்டால் அப்பாவுடையதுதான் என்று சொல். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. ஆஸ்பத்திரியில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "குளிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நான் திரும்புவதற்குள் போய்விட்டாள். நீ அந்தக் குழந்தைகளிடம் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். இரு.