கம்ப்யூட்டரின் கயிறு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட என்று முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். "ஒருவாட்டி போட்டுட்டா எத்தையும் மறக்காது" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதன் மேல் சந்தேகம். (எதையும் மறக்காத சாமான் பக்கத்தில் எவன் நிம்மதியாகப் பீடி பிடிப்பான்?) நான் சாப்பிட உட்கார்ந்தால் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவேன்.

யாருக்கும் அதை ஓட்டத் தெரியவில்லை. கடைசியில் காஞ்சிபுரத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் வந்து, ஓட்டிப் பார்த்து, விலை பேசிவிட்டுப் போனார்.

"முனுசாமி, வியாழக்கெழம வண்டி வரும். நல்லா தொடச்சி, சாக்குல சுத்தி வை" என்றார் முதலாளி. "பேஜார் இல்லாம அனுப்பிட்டேன்னா, நீதான் அடுத்த மேஸ்திரி."

மேஸ்திரி என்றால் மூட்டை தூக்க வேண்டாம். தூக்குகிறவனை அதட்டினால் போதும். (எனக்கு அதட்ட வராது என்பது வேறு விஷயம்.)

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டைக் கண்ணாடியிலிருந்து சுரண்டினேன். எழுத்துப் பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன்; ஒரு கோழிக்குத் தேறும் அளவு தவிடு கொட்டியது. அப்போதுதான் வாங்குகிறவர் மேல் சந்தேகம் வந்தது. மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர் அன்றைக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து குனிந்து பார்த்தாரே, ஏன்? அங்கே இருப்பது கறுப்பு ஒயர் ஒன்றுதான்.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். கயிறு போனால் ராசியும் கூடவே போய்விடும். ஆக, இந்த மனுஷன் மில்லின் ராசியை நைசாக ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்! ஒயரைப் பிடுங்கினேன். மில்லில் வைத்தால் அவர் கண்ணில் படும் என்று வீட்டுக்குக் கொண்டுபோய், பத்திரமாக வைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவர் வந்தார். ஏற்றுவதற்கு முன் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஒயரு எங்க?"

முதலாளி அவரை ஒரு மாதிரி பார்த்தார். "போன வாட்டி நீங்கதான சார் கழட்னீங்க?"

"அப்போ நான் தூக்கிக்கினு பூட்டேன்றீங்களா? ஒயரே இல்லன்னா உள்ள இன்னாலாம் இல்லியோ!"

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தூணைப் பார்த்தபடி, "கயிறு குடுக்கக் கூடாதுங்க மொதலாளி" என்றேன்.

"இன்னா கயிறு?"

"அவருதான் புதுசு கொண்டாரணும்."

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓடுய்யா! எடுத்துக்கினு வா!"

ஓடினேன். கொட்டகையில் எங்கள் கன்றுக்குட்டி கழுத்தில் கம்ப்யூட்டர் ஒயரோடு நின்று, அதன் மறுமுனையை மென்றுகொண்டிருந்தது.

"இன்னாமே இது?"

"உறுதியா கீதேன்னு கட்டினேன்" என்றாள் மனைவி. "பழைய கயிறு இத்துப் போச்சின்னு எத்தினி நாளா கத்திக்கினு கீறேன், காதுல வாங்கினியா?"

எச்சில் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "ஒயர கன்னுக்குட்டி மென்னுகீது. பொட்டிய எது மென்னுச்சோ!" என்று வண்டி ஏறிவிட்டார். முதலாளி என்னைத் திட்டக்கூட இல்லை. "மேஸ்திரியாம், மேஸ்திரி" என்றார்.

ராசி தங்கட்டும் என்றுதான் ஒயரைப் பிடுங்கினேன்; பெட்டியே தங்கிவிட்டது. நானும் மூட்டையோடு தங்கிவிட்டேன்.

இந்த ஆவணியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து வண்டி ஏற்றும்போது கண் கலங்கி நின்றேன். என் மனைவி பக்கத்தில் வந்து, "இன்னா மேஸ்திரி, ஒயர எடுத்து வெச்சிக்கினியா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த பெண்ணும் சிரித்துவிட்டாள்.

நேற்று மில்லில் அந்தப் பெட்டிக்கு மறுபடியும் சந்தனம் வைத்தேன். இன்று அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதிய நாள்: விஜயதசமி.