எட்டு யூனிட் வட்டிலப்பம்

"இல்ல சேர். ஒங்களுக்கு வட்டிலப்பம் தர ஏலா" என்றாள் இனிப்புக் கடையில் நின்ற றுஷ்னா.

கதிர்காமநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கோப்பை கோப்பையாக இருந்தது. சட்டைப் பையில் காசு இருந்தது. வயிற்றுத் தோலுக்குக் கீழே எட்டு யூனிட் இன்சுலினும் இருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னர்தான், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று, சேர்ட்டைத் தூக்கி அவனே ஏற்றிக்கொண்டது. ஒரு கோப்பைக்கு நாலு, இரண்டு கோப்பைக்கு எட்டு.

போட்ட ஊசியைத் திரும்ப உறிஞ்சி எடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் உள்ளே இனிப்புப் போகவேண்டும். போகாவிட்டால் ஆள் விழும். விழுந்த ஆளை யாரும் பார்க்காவிட்டால் ஆள் முடியும்.

பதினொரு வயதில் வந்த முதலாம் வகை நீரிழிவு. இனிப்புத் தின்று வந்த வருத்தமல்ல, உடம்பு இன்சுலின் செய்வதையே நிறுத்திக்கொண்ட வருத்தம். கணக்குப் பார்த்து ஊசி போட்டால் அளவாக இனிப்பும் சாப்பிடலாம் என்று டொக்டரே சொல்லியிருந்தார். அதில் "அளவாக" என்ற சொல்லை மட்டும் கதிர்காமநாதன் முப்பது வருடமாக டொக்டரின் அறையிலேயே விட்டுவிட்டு வருகிறான்.

"ஆர் உங்களுக்குத் தரவேண்டாம் எண்டு சொன்னது?"

"மிஸ்தான். வந்து செல்லிட்டுப் போன."

மிஸ் என்றால் அவன் மனைவி நேசமலர். பள்ளிக்கூட ஆசிரியை. பெப்ரவரியில் அவன் களுபோவில ஆஸ்பத்திரி வோர்ட்டில் நாலு நாள் கிடந்து வந்ததும், வெள்ளவத்தையில் இருந்த இனிப்புக் கடை, பேக்கரி, ஐஸ்கிரீம் கடை எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, "இவருக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ" என்று அவனுடைய கலியாணப் படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தவள். ஆனால் இந்தக் கடை திறந்து இரண்டு கிழமைதான். இதற்காகவே அவன் ஒரு கிழமையாகத் திட்டம் போட்டு, இன்று அரைநாள் லீவு எடுத்து, கொள்ளுப்பிட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். இங்கேயும் வந்துவிட்டாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளை, இது எனக்கில்லை. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கினம்."

"அப்ப விருந்தாளிய அனுப்புங்க சேர்." றுஷ்னா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சேருக்கு ஒடம்புக்கு ஏலாம ஈக்குதா?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கிறன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊசி போட்டுவிட்டேன், சீனி இறங்குகிறது, ஏதாவது தா என்றால் முடிந்தது. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு கடையில் சொன்னது அடுத்த பஸ் வருவதற்குள் நேசமலரின் காதில் விழும். பெப்ரவரியில் வோர்ட் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "ரெண்டு தரம் தூக்கிக்கொண்டு ஓடிவந்திட்டன். இனி ஒருக்கா நீங்கள் களவா ஊசி போட்டுச் சாப்பிட்டது தெரிஞ்சா நான் யாழ்ப்பாணத்துக்கு அம்மாட்டைப் போயிடுவன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே கதிர்காமநாதனுக்கு நெஞ்சு காய்ந்துபோகும். அவள்மேல் அவ்வளவு உயிர். வட்டிலப்பத்தின் மேலும் உயிர். இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் படும் பாடு அவனுக்குத்தான் தெரியும்.

நேற்றுக்கூட அவள், "ஊசிப் பேனாவில மருந்து ஏன் இவ்வளவு கெதியா முடியுது?" என்று கேட்டாள். "ஒழுகுது போலக் கிடக்கு" என்றான். அவள் பேனாவை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று அவனும் நிம்மதியாகப் படுத்தான்.

தெருவில் இறங்கி, விரலில் குத்திச் சீனி பார்க்கும் மெஷினைப் பார்த்தான். எண்பத்தொன்று. ஊசி போடும்போது நூற்றுப் பன்னிரண்டு. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து.

வீடு ஐந்து நிமிட நடை. ஃப்ரிட்ஜில் இதற்கென்றே தோடம்பழச் சாறு இருக்கிறது. ஆனால் வீட்டில் நேசமலரும் இருப்பாள். இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்து நாலு மணிவரை படுப்பாள். திறப்புச் சத்தத்துக்கே எழும்புகிறவள். நடுங்கிக்கொண்டு போய் நின்றால், இந்த நேரத்தில் ஏன் வந்தாய், ஏன் இறங்கினது, எத்தனை யூனிட் போட்டாய் என்று மூன்றே கேள்வியில் பிடித்துவிடுவாள். எதற்கும் அவளுக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பார்த்தான். தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. நித்திரைதான். நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தான். நடந்தால் சீனி இன்னும் வேகமாக இறங்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

சுப்பர்மார்க்கட்டில் யாரும் கலியாணப் படம் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு சோடாப் போத்தலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். முன்னால் நின்றவர் திரும்பினார். அதே மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் பத்மாவதி ரீச்சர்.

"தம்பி, என்ன இது கையில? உங்களுக்குக் கூடாதெல்லே?"

"வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கினம் ரீச்சர். நேசமலர்தான் வாங்கிக்கொண்டு வரச் சொன்னவ."

"நேசமலரோ?"

"ஓம். இப்ப நித்திரை. அதுதான் நான் வந்தனான்."

பத்மாவதி ரீச்சர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "வேர்த்துக் கொட்டுது. ஏதும் செய்யுதோ?" என்று மட்டும் கேட்டார்.

"வெய்யில் ரீச்சர்."

"கவனம் தம்பி" என்று தோளில் தட்டிவிட்டு, போத்தலைத் தானே வாங்கி, பில் போடும் பெண்ணிடம் கொடுத்தார். வெளியே வந்ததும் வராததுமாகக் கதிர்காமநாதன் மூடியைத் திறந்து ஒரே மூச்சில் அரைவாசியைக் குடித்தான். இனிப்பு நாக்கில் பட்டபோது கண்ணீர் வந்துவிட்டது. படியில் குந்தினான். பிழைத்தாயிற்று, இனிப் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும்.

"அய்யே, மெதன இந்தகன்ன பே" என்றார் காவலாளி, இங்கே குந்தக்கூடாது என்று சிங்களத்தில். எழும்பி மதிலோரமாகப் போய் நின்றான்.

பத்து நிமிடம் கழித்து மெஷின் ஐம்பத்தெட்டு என்றது. கோளாறு என்று நினைத்து இன்னொரு விரலில் குத்தினான். ஐம்பத்தாறு. அப்போதுதான் போத்தலைத் திருப்பிப் பார்த்தான். சீனி அற்றது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. பில் போடக் கொடுக்கும்போதே ரீச்சர் போத்தலை மாற்றியிருக்கிறார். அந்த மனுசி நல்லாயிருக்கவேண்டும், கதிர்காமநாதனைக் கொல்லப் பார்த்ததைத் தவிர அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

கால் இரண்டும் பஞ்சாகிக்கொண்டு வந்தன. உதடு மரத்தது. கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ராமையாவின் தேத்தண்ணிக் கடை. எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை.

"ராமையா, சீனி கூடப் போட்டு ஒரு பிளேன்டீ."

வந்த தேத்தண்ணி வேப்பெண்ணெய் மாதிரிக் கசந்தது.

"சீனி எங்கை?"

"போட மாட்டேன் சார். ஒங்க வீட்டு டீச்சரம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றார் ராமையா. பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்ட வந்து குனிந்தார். "சார், ஒடம்புக்கு முடியலீங்களா? முடியலன்னா சொல்லுங்க. வெக்கப்படாதீங்க."

எல்லோரும் இதையே ஏன் கேட்கிறார்கள் என்று கதிர்காமநாதன் யோசித்திருக்கவேண்டும். ஆனால் சீனி குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது மூளை. பட்டினி கிடக்கும் மூளை பிடித்த பிடியை விடாது.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றான். பக்கத்து மேசையிலிருந்த சீனிப் போத்தலுக்குக் கையை நீட்டினான். ராமையா அதை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தார்.

மெஷின் நாற்பத்துமூன்று காட்டியது. அதற்குப் பிறகு அவன் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இலக்கம் இரண்டிரண்டாகத்தான் தெரிந்திருக்கும்.

இனிப் பொய் சொல்லிப் பயனில்லை, களவெடுப்பதுதான் வழி என்று முடிவெடுத்தான். காப்புறுதிக் கம்பனியில் பதினாறு வருடம், பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவன். சுவரைப் பிடித்துப் பிடித்து றுஷ்னாவின் கடைக்குத் திரும்பி வந்தான். தட்டில் அடுக்கியிருந்த லட்டில் ஒன்றை, வாங்க நின்ற இரண்டு பெண்களுக்கு நடுவே கையை விட்டு எடுத்தான். பெண்கள் விலகினார்கள். குடிகாரன் என்று ஒருத்தி சொன்னது கேட்டது.

லட்டு கையில் இருந்தது. கை வாய்க்கு வரவில்லை. வாய் எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியவில்லை. நெற்றியில் ஒரு தரம் இடித்தான், காதில் ஒரு தரம். பிறகு தட்டோடு சேர்ந்து நிலத்தில் விழுந்தான்.

"சேர், சீனி கொறஞ்சிட்டா? ஓ எண்டு ஒரு சொல்லு செல்லுங்க."

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். சுற்றிலும் லட்டுகள் உருண்டு கிடந்தன. ஒன்று மூக்குக்கு நேரே கிடந்தது. சாகப்போகிறேன் என்று நினைத்தான், பயமாக இருந்தது. செத்தாலும் நேசமலருக்குத் தெரியத்தானே போகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐயோ, அவள் தனியாக இருந்து அழப்போகிறாளே என்று வேதனைப்பட்டான். அதோடு வெளிச்சம் போய்விட்டது.

றுஷ்னா அதற்குமேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

கண் திறந்தபோது ஈறெல்லாம் இனித்தது. றுஷ்னா அவன் தலையைச் சரித்துப் பிடித்து, நனைத்த குளுக்கோஸை விரலால் கன்னத்துக்குள் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடிவந்திருந்த ராமையா வாசலில் மூச்சு வாங்கியபடி நின்றார். அவர் கையிலும் அதே மாதிரி ஒரு பக்கெட், உடைக்காமல் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க முடிந்தது. பிறகு சுவரில் சாய்ந்து இருக்க முடிந்தது. கால் மணித்தியாலத்தில் நாக்குத் திரும்பியது.

"தங்கச்சி, உமக்குக் கோடி புண்ணியம். நான் களவா ஊசி போட்டிட்டன், உண்மையைச் சொல்லப் பயந்திட்டன்" என்றான். "ஒண்டே ஒண்டு செய்யும். எங்கட மிஸ்ஸுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். தெரிஞ்சா என்னை விட்டிட்டுப் போயிடுவா."

றுஷ்னா கையைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"சேர், மிஸ் காலயிலயே பெட்டியெல்லாம் ஓட்டோல ஏத்திட்டு யாழ்ப்பாணம் போயிட்ட. போகக்குள்ளதான் ஒவ்வொரு கடயிலயும் எறங்கி இந்தக் குளுக்கோஸ் பக்கெட்டக் குடுத்து, 'ஏலாமக் கெடக்கு எண்டு அவர் வாயத் தொறந்து கேட்டா மட்டும் குடுங்க, இனிப் பாக்க வீட்டில ஆள் இல்ல' எண்டு செல்லிட்டுப் போன."