வாசலை அளந்த தீவு

மலைப்பாம்புக் கொடி பறந்த நினைவுத்தீவில் இடம் தீர்ந்துபோனது. நெல் காயப்போட இடமில்லை. பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்ட இடமில்லை. அதிக இடத்தைப் பிடித்திருப்பவரைக் கண்டுபிடித்துப் தீவை விட்டே படகேற்றிவிடும்படி அரசர் ஆணையிட்டார்.

"வாசலின் அகலத்தை அளந்தால் போதும். உள்ளே எட்டிப்பார்ப்பது நாகரிகமல்ல" என்றார் பெரிய மந்திரி அறம்வளர்த்தார்.

மக்கள் பயந்துபோய் வாசலைக் குறுக்கினார்கள். மாடுகள் தொழுவத்திலேயே மாட்டிக்கொண்டன. ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வாசலோடு நின்றுவிட்டது. இடம் மட்டும் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை.

வண்டி செய்கிற சிலம்பாயியால் வாசலைக் குறுக்க முடியவில்லை. செய்த வண்டி வெளியே வர வேண்டுமே! மந்திரியின் மாளிகைக்கோ ஆள் ஒருக்களித்து நுழைகிற வாசல். அளவைத் துறை அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"தீவின் மிகப் பெரிய ஆக்கிரமிப்பாளர், இந்த அம்மாள்!"

"ஒத்தை அறைங்க ஐயா! காலை நீட்டினா சுவர் இடிக்குது."

"நீட்டுவது உங்கள் சொந்த விஷயம்."

பேரம் படியாமல் கடையை விட்டு இறங்குகிற பொம்பளை இல்லை சிலம்பாயி. ஊரை விட்டுப் போகிறவர் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், ஒவ்வோர் அறையிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்து நன்றி சொல்வது அந்தத் தீவின் வழக்கம். அரசர் சாட்சி, சாட்சிக்கும் ஒரு வாய்.

"மந்திரி ஐயா வீட்டுக்கு நன்றி சொல்லணும் ராசா. இத்தனை நாள் வாழவிட்டாரே!"

மந்திரியின் முகம் சுண்டியது. "எனக்கெதற்கம்மா நன்றி? இரண்டே அறை."

"ரெண்டு வாயில முடிஞ்சிடும், வாங்க."

இரண்டாம் அறையில் ஒரு கதவு இருந்தது. "அது மைத்துனருடையது" என்றார் மந்திரி. அதற்குள் இன்னொரு கதவு. "அது சம்பந்தி தோட்டம்." அதைத் தாண்டி அறக்கட்டளைக் கிடங்கு. எல்லாவற்றுக்கும் தெருப்பக்கம் வாசல் ஒன்றே, மந்திரி வீட்டு வாசல். அரசரின் வயிறு தளும்பியது. பொழுது சாயும் வேளையில் கடைசிக் கதவைத் தள்ளினார்கள். எதிரே அரசருடைய சிம்மாசனத்தின் முதுகு தெரிந்தது.

"இந்த அறை?" என்றார் அரசர்.

"தாங்கள் எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம்" என்றார் மந்திரி, பெருந்தன்மையாக.

அரசர் சிலம்பாயியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "நீ போகாதே, தாயே. நானே இங்கு ஒண்டுக்குடித்தனம்தான் என்று காட்டிவிட்டாய். ரொம்ப நன்றி."

சிலம்பாயி கண் கலங்கத் தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். "அப்போ படகுல யாரு ராசா?"

அரசர் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன்."